பெரம்பூர் என்று சொல்லி கொடுங்கையூரில் வீடு, 76,500 ரூபாய் போச்சு

படபடப்பு இன்னும் அடங்கவில்லை. முன்னும் பின்னுமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலத்திலிருந்து குடும்பத்தோடு சென்னைக்கு, அதுவும் வடசென்னைக்கு, குடிவரப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டாமல் கையை இழுத்துக்கொண்டால் சரி. எனக்குப் போனது 76,500 ரூபாய்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், பெயரை எழுதினால் நம்மேலேயே கேஸ் போடுவார்கள் என்று கணவர் பயப்படுகிறார். ஊர் மாறும் குடும்பங்களுக்கு ஏற்ற ஏரியாவைத் தேர்ந்தெடுத்து, வீட்டையும் பிடித்துக் கொடுக்கும் இணையச் சேவை. செயலி உண்டு. விளம்பரத்தில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், கையில் சாவி, முகத்தில் சிரிப்பு. இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

நாங்கள் 14 வருடம் அகமதாபாத்தில், மணிநகரில் இருந்தோம். தமிழர்கள் நிறைய இருக்கும் இடம். கணவருக்கு எண்ணூர் துறைமுகத்துப் பக்கம் வேலை மாற்றல் வந்தது. பையன் ஏழாவது, பெண் மூன்றாவது. மாமியாருக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, தரைத்தளம்தான் வேண்டும். பள்ளி திறப்பதற்குள் வந்துவிட வேண்டும். இவ்வளவையும் 1,800 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு போனிலேயே முடிக்கப் பார்த்தோம்.

வெட்கக்கேடு என்னவென்றால், நான் ராயபுரத்துப் பெண். கல்கத்தாக்காரனோ டெல்லிக்காரனோ ஏமாந்தால் ஊர் தெரியாமல் ஏமாந்தான் என்று சொல்லலாம். எனக்கு வடசென்னையையே ஒருவன் விற்றுவிட்டுப் போயிருக்கிறான்.

முதலில் 8,500 ரூபாய் கட்டினால் 'ஏரியா அறிக்கை' தருவார்கள். தந்தார்கள், 22 பக்கம். பெரம்பூருக்கு 9.1 மதிப்பெண், கொளத்தூருக்கு 8.7, திருவொற்றியூருக்கு 5.2. எதை வைத்து இந்த மதிப்பெண் என்று ஒரு வரி கிடையாது. கணவரின் வேலை எண்ணூர் பக்கம் என்றால் திருவொற்றியூர்தானே முதலில் மனதில் வரும்? 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, கும்மிடிப்பூண்டி ரயிலும் அந்த வழியாகத்தான் போகிறது. கண்டெய்னர் லாரித் தொல்லை உண்டு, தூசி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. சௌகார்பேட்டையும் ஒரு நிமிடம் மனதில் வந்தது, பிள்ளைகள் குஜராத்தியில் பேசிக்கொள்ள ஆள் கிடைக்குமே என்று. அந்தச் சந்துகளில் மாமியாரை எப்படி நடத்திக் கூட்டிப்போவது என்று யோசித்து விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அந்தப் பையன் பேசினான். 'உங்கள் ஏரியா ஆலோசகர்' என்று செயலியில் போட்டிருந்தது. முதல் வார்த்தையே, "இன்னாக்கா, ராயபுரமா நீங்க? நான் காசிமேடுக்கா!" பதினாலு வருஷம் கழித்து அந்த 'இன்னாக்கா'வைக் கேட்கிறேன். நெஞ்சு குளிர்ந்துவிட்டது, பொய் சொல்வானேன். கல்மண்டபம் மார்க்கெட்டைப் பற்றிப் பேசினான், காசிமேட்டில் வஞ்சிரம் விற்கிற விலையைச் சொல்லிச் சிரித்தான். அந்த ஒரு 'இன்னாக்கா'வுக்கு நான் கொடுத்த விலை 76,500 ரூபாய்.

"திருவொற்றியூர் வேணாம்க்கா. பசங்க படிக்கணும்ல? பெரம்பூர் எடுத்துக்கோங்க. சாருக்கு பெரம்பூர்ல ஏறுனா நேரா எண்ணூர், ஒரே ட்ரெயின்."

இதைப் படிக்கும் வடசென்னைக்காரர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வீர்கள். பெரம்பூர் இருப்பது அரக்கோணம் போகும் தடத்தில். எண்ணூர் இருப்பது கும்மிடிப்பூண்டி தடத்தில். இரண்டும் பேசின் பிரிட்ஜிலேயே பிரிந்துவிடும், அங்கே இறங்கி மாறித்தான் ஆகவேண்டும். சின்ன வயதில் தண்டவாளத்தைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் நான் போன பிறகு திருவொற்றியூருக்கு மெட்ரோவே வந்துவிட்டது, ரயிலிலும் ஏதாவது புதிதாக விட்டிருப்பார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய்யை அவன் பாதிதான் சொன்னான், மீதியை நான் முடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோ கால். வீட்டைச் சுற்றிக் காட்டினான். மஞ்சள் அடித்த ஜன்னல் கம்பி, பின்னால் ஒரு வேப்பமரம், அடிபம்பு, புது வெள்ளை. இருட்டில் தெரு தெரியவில்லை, அதற்கென்றே ராத்திரி எடுத்தான் என்று இப்போது புரிகிறது. தூரத்தில் ஒரு ஹாரன் சத்தம். "கேட்டீங்களாக்கா, பெரம்பூர் ஸ்டேஷன். நடந்தா எட்டு நிமிஷம்." மழைத் தண்ணீர் நிற்குமா என்று கேட்டேன். "இந்தத் தெருவுல தண்ணியே நிக்காதுக்கா, மேடு" என்றான்.

வாடகை 17,000. மூன்று மாத அட்வான்ஸ் 51,000. ஒரு மாத வாடகை அவர்களுக்குத் தரகு, 17,000. அறிக்கைக்குக் கட்டிய 8,500-ஐயும் சேர்த்தால் 76,500. அட்வான்ஸை ஓனரிடம் நேரடியாகக் கொடுக்கக் கூடாதாம், நிறுவனக் கணக்கில் போட்டால் அவர்கள் பத்திரமாக வைத்திருந்து சாவி கைமாறும் அன்று ஓனருக்குக் கொடுப்பார்களாம். நமக்குப் பாதுகாப்பாம். "இன்னைக்கு நைட்டு லாக் பண்ணலன்னா நாளைக்கு வேற ஃபேமிலி வருதுக்கா."

கணவர் அப்போதே சொன்னார், திருவொற்றியூரில் உன் சித்தி இருக்கிறாளே, ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லேன் என்று. சித்தியோடு எனக்கு ஒரு கல்யாண விஷயத்தில் மனஸ்தாபம், இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அவளிடம் போய் நிற்பதா என்று ரோஷம். யூபிஐயில் பணத்தை அனுப்பியது என் விரல்தான். யாரையும் கைகாட்ட முடியாது.

நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம். சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். அதுவரை வரைபடத்தில் பெரம்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிதான் காட்டியிருந்தார்கள், சரியான முகவரி அன்று காலைதான் வந்தது. வியாசர்பாடி தாண்டி, எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருக்கிறோம். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "பெரம்பூர்னு சொன்னீங்களேம்மா, இது மூலக்கடை தாண்டி கொடுங்கையூர் காட்டுது" என்றார். மாமியார் என் முகத்தைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

வீடு இருந்தது. மஞ்சள் ஜன்னல் இருந்தது, வேப்பமரமும் இருந்தது. ரயில் நிலையம்தான் இல்லை. அன்று கேட்ட ஹாரன் லாரி ஹாரன் போலிருக்கிறது. காற்று திரும்பியபோது குப்பைக் கிடங்கு நாற்றம். சென்னையின் இரண்டு பெரிய குப்பைக் கிடங்குகளில் ஒன்று கொடுங்கையூர், இன்னொன்று தெற்கே பெருங்குடி, இது ஊருக்கே தெரியும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கொடுங்கையூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். நகரம் பூராவும் கொட்டுகிற குப்பையை நீங்கள் வருடக்கணக்கில் சுமக்கிறீர்கள், எரிஉலை வேண்டாம் என்று தெருவில் நிற்கிறீர்கள், உங்களைக் குறை சொல்ல நான் யார்? கொடுங்கையூர் என்று சொல்லியே காட்டியிருந்தால் யோசித்து முடிவெடுத்திருப்போம். ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னதுதான் என் கோபம்.

எதிர் வீட்டு அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். காம்பவுண்டுச் சுவரில் புது வெள்ளைக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த ஒரு கோட்டில் கையை வைத்து, "மிக்ஜாம் அப்போ இதுவரைக்கும்மா, மூணு நாள்" என்றார். என் இடுப்புக்கு மேல் இருந்தது. 2023 டிசம்பர். மேடாம், தண்ணியே நிக்காதாம்.

ஓனர் சைக்கிளில் வந்தார், வயசானவர். அட்வான்ஸ் கட்டிவிட்டோம் என்றதும் விழித்தார். "எனக்கு ஒரு பைசா வரலியேம்மா. ஒரு பையன் ரெண்டு தரம் வந்து வீட்டக் காட்டணும்னு சாவி வாங்கினான், ஐநூறு ரூபா குடுத்தான், அவ்ளோதான்." வாடகை எவ்வளவு என்று கேட்டேன். பதினோராயிரம் என்றார். திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்தே அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். முதல் தடவை எடுத்தான், "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்." அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. சாயங்காலம் வேறொரு பெண் பேசினாள், "மேடம், அவர் இப்போ வேற டீம்." அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன். புகாரைப் பதிவு செய்துவிட்டோம், 48 மணி நேரம் காத்திருங்கள் என்றாள். 48 மணி நேரம் கழித்து, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு செய்தி. ஏன் என்று கேட்டால் மறுபடி 48 மணி நேரம். மூன்றாவது சுற்றில் மேலாளர் என்று ஒருவர் வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மேடம், விளம்பரத்தில் பெரம்பூர் என்றுதான் சொன்னோம். கொடுங்கையூர் பெரம்பூர் சட்டமன்றத் தொகுதிக்குள்தான் வருகிறது. தவறான தகவல் எதுவும் தரப்படவில்லை." நான் என்ன ஓட்டுப் போடவா வீடு கேட்டேன்? அட்வான்ஸ் ஓனருக்கே போகவில்லையே என்றால், அது 'பரிசீலனையில்' இருக்கிறதாம். தரகும் அறிக்கைக் கட்டணமும் திரும்பக் கிடைக்காதாம், வீடு பிடிக்கவில்லை என்பது வாடிக்கையாளரின் மனமாற்றமாம், பதினான்காவது நிபந்தனையில் இருக்கிறதாம். எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது. எறும்பு எழுத்தில்.

இந்த 48 மணி நேரக் கூத்தில் ஒன்பது நாள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அடித்தேன். முதல் நாளே சொல்லியிருந்தால் போன பணத்தை நடுவில் நிறுத்த வழி இருந்திருக்கும், இப்போது கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ என்றார்கள். புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். காவல் நிலையத்தில், அறிக்கை கொடுத்திருக்கிறார்கள், வீடும் காட்டியிருக்கிறார்கள், இது சிவில் விவகாரம்மா என்று ஒருவர், இல்லை மோசடிதான் என்று இன்னொருவர். அவர்களே பேசி முடிக்கட்டும் என்று வந்துவிட்டோம். வங்கியில், நீங்களே அனுப்பிய பணம்தானே என்றார்கள். ஆமாம், நானே அனுப்பிய 76,500 ரூபாய்தான்.

இப்போது எங்கே இருக்கிறோம் என்கிறீர்களா? அதே சித்தி வீட்டு ஹாலில், திருவொற்றியூரில். அகமதாபாத்திலிருந்து வந்த சாமான் லாரியை அவள்தான் பக்கத்து வீட்டு ஷெட்டில் இறக்கவைத்தாள். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள், "ஏன்டி, ஒரு போன் போட்டிருந்தா ஷேர் ஆட்டோவுல போய் நான் பாத்துட்டு வந்திருப்பேனே?" கணவர் இங்கிருந்து எண்ணூருக்கு ஒரே ரயிலில் போய்வருகிறார். அறிக்கையில் 5.2 வாங்கிய ஊர் இது.

எப்படி ஏரியா பார்ப்பது, வீடு பார்ப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நாளைக் காலை பள்ளியில் நிற்க வேண்டும், முகவரிச் சான்று என்ன கொடுப்பது என்று தெரியவில்லை, அதனால் அவசரமாக நாலு வார்த்தை. விளம்பரத்தில் ஏரியா பெயர் ரப்பர் மாதிரி இழுபடும், பெயரை நம்பாதீர்கள். தெருப்பெயரும் கதவு எண்ணும் வாங்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். பகலில், தெருமுனையிலிருந்து நடந்து வந்தபடி வீடியோ காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். கரண்ட் பில்லில் இருக்கிற பெயரும் பணம் வாங்குகிறவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். மிக்ஜாம் சமயத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர் வீட்டில் கேளுங்கள், வீடு காட்டுகிறவனிடம் அல்ல. பணம் போய்விட்டால் 48 மணி நேரமெல்லாம் காத்திருக்காமல் அந்த நிமிடமே 1930. முடிந்தால் முதல் ஒரு மாதம் சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிட்டு அப்புறம் வீடு தேடுங்கள்.

இன்று மதியம் என் பையன் போனைக் கொண்டுவந்து காட்டினான். அதே செயலியில் அதே வீடு மறுபடி வந்திருக்கிறது. மஞ்சள் ஜன்னல், வேப்பமரம், 'பெரம்பூர், ரயில் நிலையம் 8 நிமிடம்'. வாடகையை 17,500 ஆக்கியிருக்கிறார்கள். அந்த மஞ்சள் ஜன்னலைப் பார்த்தால் பணம் கட்டாதீர்கள்.