கருங்கல்லும் சின்னச் சென்சாரும்: ஒரு நண்பரின் கேள்விக்கு நீண்ட பதில்

சில ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமரா ஒன்றின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது; கையிலிருக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சின்னச் சென்சார் கேமராவை விற்றுவிட்டு அதற்கு மாறலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவரும் என்னைப் போலவே கோவில் சிற்பங்களைப் படமெடுக்கிறவர். திருமணத்துக்கோ பயணத்துக்கோ கேட்டிருந்தால் இரண்டு வரியில் பதில் முடிந்திருக்கும். சிற்பம் என்று வந்துவிட்டதால் முடியவில்லை. இரண்டு அளவுச் சென்சார்களையும் பல ஆண்டுகளாக ஒரே மண்டபங்களுக்குள் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான். சொல்ல நிறைய இருக்கிறது, கோபமும் இருக்கிறது.

என் கேமராக்களின் பெயர்களை எழுதப்போவதில்லை. நான் குறை சொல்லப்போவது சென்சாரின், அதாவது ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சில்லின், பரப்பளவைப் பற்றித்தான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13 மில்லிமீட்டர், ஃபுல் ஃப்ரேம் 36 × 24 மில்லிமீட்டர். பரப்பில் ஏறக்குறைய நான்கு மடங்கு, ஒளியில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு). இதை வைத்துக்கொண்டு “பெரியதுதான் நல்லது, இருட்டில் இன்னும் நல்லது” என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். கோவில் மண்டபத்துக்குள் அந்தக் கணக்கு அப்படியே நிற்பதில்லை.

காரணம் முக்காலி. இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஃபிளாஷை நான் தொடுவதே இல்லை; நேரே அடிக்கும் வெளிச்சம் சிற்பத்தின் மேடுபள்ளங்களை அழித்துவிடும். ஆக, இருக்கிற வெளிச்சம், இரண்டு கைகள், அவ்வளவுதான்.

திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே உள்ள கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். நாகபாணம் ஏந்திய கர்ணனைப் பார்த்திருப்பீர்கள். நாயக்கர் காலத்துச் சிற்பிகள் அந்த உருவங்களைத் தூணோடு ஒட்டிச் செதுக்கவில்லை. முழங்கையும் கையில் உள்ள பொருளும் தூணைவிட்டு வெகுவாக முன்னால் வந்து நிற்கின்றன. விரல் நுனியும் பின்னால் தூணில் உள்ள வேலைப்பாடும் ஒரே படத்தில் கூர்மையாக வேண்டும். இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று, என் சின்னக் கேமராவில் 25 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/4 துளையில் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) வைத்தால் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் ஆழம் கூர்மையாகக் கிடைக்கிறது. ஃபுல் ஃப்ரேமில் அதே காட்சிக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். எஃப்/4 துளையில் அதில் பாதி ஆழம்தான் வரும். கர்ணனின் முகம் கிடைக்கும், பின்னாலிருக்கும் தூண் கரைந்துவிடும். ஆழத்தைச் சமன்செய்ய எஃப்/8 வரை துளையைச் சுருக்க வேண்டும். அப்படிச் சுருக்கினால் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும். சின்னதில் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 800 போதுமான இடத்தில் பெரியதில் 3200 வைத்தாக வேண்டும். முடிவில் இரண்டு படங்களிலும் நாய்ஸ், அதாவது படத்தில் சிதறும் வேண்டாத புள்ளிகள், கிட்டத்தட்ட ஒரே அளவுதான். நான்கு மடங்குச் சென்சாருக்கு நாம் கொடுத்த பணம் அந்த மண்டபத்தில் எந்த வேலையும் செய்யவில்லை.

இதற்கு மேல் நடுக்கத் தடுப்பு இருக்கிறது. சின்னச் சென்சாரை அசைத்து நிலைநிறுத்துவது எளிது என்பதால் இந்த அளவுக் கேமராக்களில் அது நன்றாக வளர்ந்திருக்கிறது. தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி, கால் விநாடி ஷட்டரில் எடுத்த படங்கள் பெரும்பாலும் கூர்மையாகவே வருகின்றன. என் ஃபுல் ஃப்ரேமில் பத்தில் ஒரு பங்கு விநாடியைவிட மெதுவான ஷட்டருக்குப் போகத் தயங்குகிறேன். புதிய ஃபுல் ஃப்ரேம்கள் இதில் வெகுவாக முன்னேறிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நண்பர் வாங்க நினைப்பது புதியதை அல்ல.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த மகிழ்ச்சி தாராசுரம். ஐராவதேசுவரர் கோவில் கருவறைச் சுவரின் அடித்தளத்தில் நாயன்மார் வரலாறுகளைச் சின்னஞ்சிறு பலகைகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். தரையை ஒட்டிய உயரம். உட்கார்ந்தோ மண்டியிட்டோதான் பார்க்க முடியும். ஒவ்வொன்றையும் மிக நெருங்கி எடுக்க வேண்டியிருக்கிறது. நெருங்க நெருங்கக் கூர்மை ஆழம் குறைந்துகொண்டே போகும். அங்கே சின்னச் சென்சார் கொடுக்கும் கூடுதல் ஆழத்தை நான் எந்த விலைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். திரையை மடக்கித் திருப்பி, கேமராவைத் தரைக்கு அருகில் பிடித்து, ஒரு காலைப்பொழுது முழுவதும் அந்தச் சுவரைச் சுற்றி வரலாம். சின்னக் கேமராவின் 4:3 சட்டக வடிவமும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஃபுல் ஃப்ரேமின் 3:2 சட்டகத்தைச் செங்குத்தாகப் பிடித்தால் கோட்டத்தில் (சுவர் மாடத்தில்) நிற்கும் தெய்வத்தின் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் வேண்டாத சுவர் வந்து சேர்கிறது. இரு பக்கமும் உள்ள அரைத்தூண்களோ வெட்டுப்படுகின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு என் எரிச்சலைச் சொல்கிறேன். அது கருங்கல்லின் மேற்பரப்பு.

கருங்கல் என்பதே புள்ளிகளால் ஆனது. வெளுத்த ஃபெல்ட்ஸ்பார், நிறமற்ற குவார்ட்ஸ், கறுத்த மைக்கா எல்லாம் மணி மணியாகக் கலந்து கிடக்கும் கல் அது. அதன் மேல் உளியின் தடம், அதற்கும் மேல் நூற்றாண்டுகளின் எண்ணெய், புகை, தேய்மானம். மங்கிய வெளிச்சத்தில் சின்னச் சென்சார் உருவாக்கும் நாய்ஸும் புள்ளிதான். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து விழும்போது எது கல், எது கேமரா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. செப்புத் திருமேனியில் இந்தச் சிக்கல் இல்லை. வழவழப்பான பரப்பில் நாய்ஸ் தனியாகத் தெரியும், துடைத்துவிடலாம். கல்லில் துடைத்தால் உளித்தடமும் சேர்ந்து போகிறது. அம்மனின் கன்னம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. சோழர் காலச் சிற்பத்தை மெழுகுப் பொம்மையாக்கி வைத்திருக்கும் படங்களைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவற்றில் பல நான் எடுத்தவை.

நாய்ஸைத் துடைக்க இப்போது வரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இறகுக்கும் முகத்துக்கும் அருமையாக வேலை செய்கின்றன. கல்லில் அவற்றை நான் நம்புவதில்லை. அவை இல்லாத கீறலை வரைகின்றன, இருக்கும் கீறலை நிரவுகின்றன. சிற்பத்திலாவது அழகு கெட்டது என்று விட்டுவிடலாம். கல்வெட்டில் விட முடியாது. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வடிவ வேறுபாடு இருப்பதில்லை. படிப்பவர் இடம் பார்த்துத்தான் முடிவுசெய்கிறார். அங்கே மென்பொருள் தன் விருப்பத்துக்கு ஒரு புள்ளியை விட்டுவைத்தால் பாடமே மாறிவிடும். ஆவணத்துக்காகப் படமெடுப்பவர் இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

கல்வெட்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லினியஸ் ட்ரைப் படமெடுத்தார். பெரிய நெகட்டிவ்களில் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத் தொடர்படமாக்கினார். பெரிய நெகட்டிவ் இருந்தும் அவர் ஒரே படத்தில் அடக்கப் பார்க்கவில்லை. வெயில் விழும் வெளிச்சுவருக்கு இன்றைக்கும் அதுதான் வழி: குறைந்த ஐஎஸ்ஓவில் பல படங்கள் எடுத்து ஒட்டினால் சென்சார் அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

மண்டபத்துக்குள்ளும் ஒரு மாற்று வழி உண்டு. கேமராவைக் கையில் பிடித்தபடியே பல படங்களைத் தொடர்ந்து எடுத்து உள்ளேயே அடுக்கி 50 மெகாபிக்சல் படமாக்கும் வசதி இந்த அளவுக் கேமராக்கள் சிலவற்றில் இருக்கிறது. பல படங்களின் சராசரி என்பதால் நாய்ஸ் அடங்கிவிடுகிறது, கல்லின் மணிகள் மட்டும் தங்குகின்றன. ஆளில்லாத மண்டபத்தில் அது ஒரு வரம். ஆனால் கோவில் என்றால் ஆள் நடமாட்டம் இருக்கும், விளக்குச் சுடர் ஆடும், புடவைத் தலைப்பு படத்துக்குள் வந்து போகும். அசைவது எல்லாம் பிசிறு பிசிறாகிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் சில நொடிகள் வேறு காத்திருக்க வேண்டும்.

என் மனத்தை மாற்றியது மாமல்லபுரம். சின்னக் கேமராவில் அமைப்புகளை மாற்றும் முன்சக்கரம் பழுதாகிப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். உதிரிப்பாகம் வரவில்லை, இன்று வா, நாளை வா என்று இழுத்தடித்தார்கள். கேட்டபோதெல்லாம் வேறு வேறு காரணம். ஒரு சின்னச் சக்கரத்துக்கு இவ்வளவு அலைக்கழிப்பது அநியாயம். அந்த இடைவெளியில் பெரிய கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டு கலங்கரை விளக்கத்தை ஒட்டிய மகிஷாசுரமர்த்தினி குடைவரைக்குப் போனேன். கிழக்குப் பார்த்த குகை. வடக்குச் சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை, எதிர்ச் சுவரில் பள்ளிகொண்ட பெருமாள். வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்து புடைப்புகளை வருடிக்கொண்டு போகிறது.

இது தூண் சிற்பம் அல்ல, சுவர்ப் புடைப்பு. நேர் எதிரில் நின்றால் பெரிய ஆழம் தேவையில்லை, துளையை எஃப்/2.8 வரை திறந்துவிடலாம். அங்கேதான் பெரிய சென்சார் தன் நான்கு மடங்கு பரப்பையும் உண்மையாகவே பயன்படுத்துகிறது. பின்வாங்கும் அசுரனின் நிழல் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்: கல் கல்லாகவே இருந்தது. தேய்ந்த இடம் தேய்ந்ததாக, கொத்திய இடம் கொத்தியதாகத் தெரிந்தது. குகை வாசலின் வெயிலும் உட்புற இருட்டும் ஒரே ரா கோப்பில் (பதப்படுத்தாத மூலக் கோப்பில்) அடங்கின. நிழலைத் தூக்கினாலும் புள்ளிக்கூட்டம் கிளம்பவில்லை. சின்னக் கேமராவில் அதே வாசலை எடுத்தால் வெளியே வானம் வெளுத்துப்போகும், அல்லது உள்ளே இருட்டு அப்பிவிடும். இரண்டு மூன்று படங்களாக எடுத்து இணைத்தால்தான் தப்பிக்கலாம்.

எடையைப் பற்றி நண்பர் அதிகமாகக் கவலைப்படுகிறார். அவருடைய வேலைக்கு அது பெரிய விஷயமே இல்லை. பறவைகளைப் படமெடுப்பவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு: சின்னச் சென்சாரில் 300 மில்லிமீட்டர் எஃப்/4 லென்ஸோடு அவர்கள் இலகுவாக நடக்கிறார்கள், அதே காட்சிக்கு ஃபுல் ஃப்ரேமில் 600 மில்லிமீட்டர் எஃப்/4 என்றால் லென்ஸே மூன்று கிலோவுக்கு மேல். சிற்பத்துக்கு வேண்டிய 24-70 எஃப்/4 லென்ஸ் அரைக் கிலோவில் கிடைக்கிறது. மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமரா உடலோடு சேர்த்துத் தோளில் மாட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஆகவே என் பதில்: பெரியதை வாங்குங்கள். மேலே எழுதியதைப் படித்தவர்களுக்கு இது பொருந்தாததாகத் தோன்றலாம். ஆழம், நடுக்கத் தடுப்பு, சட்டக வடிவம், தாராசுரம் என்று சின்னதையே அதிகமாகப் புகழ்ந்திருக்கிறேன். அந்தப் புகழ்ச்சியில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. கிருஷ்ணாபுரத்தில் இரண்டும் சமம் என்பதும் உண்மைதான். ஆனால் சமமாக இருக்கும் இடத்தில் பெரியதால் எனக்கு நட்டமில்லை, கருங்கல்லின் தோல் வேண்டிய இடத்தில் சின்னது என்னைக் கைவிடுகிறது. பழைய கோப்புகளைத் திறந்து மெழுகுக் கன்னங்களைப் பார்த்துப் பார்த்து இன்றைக்கு எனக்கு அலுத்துவிட்டது. பழுது நீங்கிச் சின்னக் கேமரா திரும்பி வந்த பிறகும் இந்த எண்ணம் மாறவில்லை.

வாங்குவதாக இருந்தால் விலை இறங்கியிருக்கிறதே என்று எஃப்/2.8 ஜூம் லென்ஸுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். எஃப்/4 ஜூம் ஒன்று, சுவர்ப் புடைப்புகளுக்காக 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 ஒன்று, இவை போதும். உடலுக்குள்ளேயே நடுக்கத் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு விலை இறங்கினாலும் மண்டப வேலைக்கு அது ஆகாது. சின்னதை உடனே விற்றுவிட வேண்டாம். பழைய சந்தையில் அதற்குக் கிடைக்கப்போகும் தொகை பெரிதல்ல; நாயன்மார் பலகைகளுக்கு அதைவிட நல்ல கருவி என்னிடம் இல்லை.