நுரையீரல் நோயாளிகளுக்கான 8 வார குழு வகுப்பு: போய் வந்தவன் சொல்வது

ஐந்து வருடமாக இன்ஹேலரைத் தப்பாக இழுத்துக்கொண்டிருந்தேன் என்பது இந்த வகுப்பின் மூன்றாவது நாளில்தான் தெரிந்தது. சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பவர்களுக்கான குழுப் பயிற்சி இது. வாரம் 2 நாள், 8 வாரம், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி, அப்புறம் அரை மணி நேரம் பேச்சு. டாக்டர் எழுதிக் கொடுத்தபோது எரிச்சலாகத்தான் இருந்தது, நடந்தாலே மூச்சு வாங்குகிறவனைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

முதல் நாள் 6 நிமிட நடைச் சோதனை. நீளமான வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வேண்டும், முடியாவிட்டால் நின்றுகொள்ளலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. முடிந்ததும் மூச்சுத்திணறலுக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லச் சொன்னார்கள். 7 என்றேன். நடந்தது 270 மீட்டர்.

இன்ஹேலர் வகுப்புக்கு அவரவர் வீட்டில் பயன்படுத்துவதையே கொண்டுவரச் சொன்னார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் செய்துகாட்ட வேண்டும். நானும் பெரிய அனுபவசாலி மாதிரி குலுக்கி, வாயில் வைத்து அழுத்தினேன். எதிரே இருந்த ஒரு பெரியம்மா, "தம்பி, மருந்தெல்லாம் வெளியே வருதே" என்றார். உண்மைதான், வாயோரத்தில் மெல்லிய புகை. அழுத்தி முடித்த பிறகு இழுத்திருக்கிறேன். மூச்சை முழுக்க வெளியே விட்டு, இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, 10 வினாடி அடக்க வேண்டும் என்று நர்ஸ் திருத்தினார். கையும் மூச்சும் ஒத்துவராதவர்களுக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குழாய். பக்கத்தில் இருந்தவருடையது பவுடர் இன்ஹேலர், அதற்குக் கதையே வேறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், அதற்குள் ஊதவே கூடாது, ஈரம் பட்டால் பவுடர் கட்டிவிடும். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். ஐந்து வருடத்தில் எந்த மருந்துக்கடையிலும் யாரும் சொல்லாத விஷயங்கள். நானும் கேட்கவில்லை என்பது வேறு.

எங்கள் நோயில் காற்றை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரிய பாடு, பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் உதட்டைக் குவித்து, மெழுகுவர்த்திச் சுடரை அணைக்காமல் அசைக்கிற அளவுக்கு, நிதானமாக ஊதச் சொல்கிறார்கள். படியில் நின்று இழு, ஏறும்போது விடு. குனியும்போதும் விடு. இதை பிசியோதெரபிஸ்ட் சொன்னார், ஆனால் குளித்துவிட்டு உடம்பைத் துவட்டுவதற்குள் இளைத்துப்போகிறது என்று ஒருவர் சொன்னதும், துவட்டாதீர்கள், துவாலைத் துணியில் தைத்த அங்கியை மாட்டிக்கொண்டு உட்காருங்கள், அதுவே ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று யோசனை சொன்னது இன்னொரு நோயாளி. இந்த மாதிரிப் பேச்சுக்காகவே போகலாம்.

குறையும் உண்டு. நுரையீரல் படத்தை ஸ்லைடில் போட்டு நடத்திய வகுப்பு தூக்கம்தான். இரண்டு டிரெட்மில்லுக்குப் பத்துப் பேர் காத்திருந்தோம். பெரிய தவறு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்த தாளைக் கடைசி வாரத்தில் கொடுத்தது. சளி நிறம் மாறினால், வழக்கத்தைவிட இளைப்பு கூடினால் என்ன செய்வது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று அதில்தான் இருக்கிறது. எங்களில் ஒருவர் நான்காவது வாரமே மஞ்சளில் இருந்தார், அவருக்கே தெரியாது. முதல் வாரமே கொடுத்திருக்க வேண்டும். 8 வாரம் முடிந்ததும் கைகழுவிவிடுகிறார்கள், பயிற்சியை விட்டால் பலன் மாதக்கணக்கில் கரைந்துவிடும் என்று அவர்களே சொல்லிவிட்டு.

கடைசிச் சோதனையில் 325 மீட்டர், மூச்சுத்திணறல் 4. நுரையீரல் திறனை அளக்க ஊதிப் பார்க்கும் சோதனையில் எண் அப்படியேதான் இருக்கிறது, அது மாறாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், அதனால் ஏமாற்றம் இல்லை. இப்போது நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாரம் மூன்று நாள் நடக்கிறோம். பெரியம்மாவும் வருகிறார். போன வாரம் என்னை நிறுத்தி, இன்ஹேலரை எடுத்துச் செய்துகாட்டச் சொன்னார். புகை வரவில்லை. ஆனால் குலுக்க மறந்திருந்தேன்.