குடியிருப்புப் பராமரிப்பைக் கம்பெனியிடம் கொடுத்து ஆறு வருஷம்

எங்கள் குடியிருப்பில் 3 பிளாக், 114 வீடுகள், 6 லிஃப்ட், ஒரு ஜெனரேட்டர், தரைக்கு அடியில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்து ஆறு வருஷம் முடிந்துவிட்டது. அதற்குள் இரண்டு கம்பெனி, ஐந்து மேனேஜர். நான் குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு வருஷம் பொருளாளர், அப்புறம் இரண்டு வருஷம் செயலாளர், இப்போது வெறும் கமிட்டி உறுப்பினர். "கம்பெனியிடம் கொடுக்கலாமா, நாமே பார்த்துக்கொள்ளலாமா" என்று கேட்பவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

கம்பெனி வருவதற்கு முன்னால் நாங்களேதான் பார்த்துக்கொண்டோம். நாங்களே என்றால் ஒரே ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன். மோட்டார், லைன், வால்வு எல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்த வால்வை மூடினால் எந்த வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், அது எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒருமுறை அவர் பத்து நாள் லீவில் போனபோது சி பிளாக்கில் ஒரு குழாய் வெடித்தது. அடித்தளத்தில் வரிசையாக முப்பதுக்கு மேல் வால்வுகள், ஒன்றில்கூடப் பெயர் இல்லை. செயலாளர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருக, நான் மேலே நின்று "நிக்கலை, நிக்கலை" என்று போனில் கத்திக்கொண்டிருந்தேன். கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அடுத்த பொதுக்குழுவில் கம்பெனியைக் கொண்டுவருவதை ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

முதல் கம்பெனி வந்தது. கோட்டு சூட்டு போட்டு வந்து ஸ்லைடு எல்லாம் காட்டினார்கள். 52 வார பராமரிப்பு அட்டவணை, செயலி, மாத அறிக்கை என்று பார்க்கப் பிரமாதமாக இருந்தது. வந்தது என்னவோ யூனிஃபார்ம் போட்ட ஆட்கள் மட்டும்தான். மேனேஜர் என்று ஒருவர் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு முக்கிய வேலையே வருகைப் பதிவேட்டைப் பார்த்து பில் போடுவது. இது ஆள் சப்ளை, பராமரிப்பு இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குப் புரிய ஏழெட்டு மாதம் ஆனது.

புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையாகப் பம்ப் அறைக்குப் போனவன், சும்மா தீயணைப்பு பம்ப்பின் பதிவேட்டைப் புரட்டினேன். தினமும் இரண்டு வேளை "சரி", "சரி", "சரி". ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது. 30 நாள் மாதம் ஒன்றில் 31ஆம் தேதிக்கும் "சரி" போட்டிருந்தார்கள்! நிமிர்ந்து பேனலைப் பார்த்தால் மெயின் பம்ப்பின் சுவிட்ச் ஆட்டோவில் இல்லை, மேனுவலில் இருக்கிறது. இந்த பம்ப் எப்படி வேலை செய்யும் என்றால், குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்க வேண்டும், சின்னக் கசிவால் கொஞ்சம் குறைந்தால் ஜாக்கி பம்ப் என்கிற சின்ன பம்ப் ஓடி சரிசெய்யும், நெருப்பை அணைக்க யாராவது ஹைட்ரன்ட் குழாயைத் திறந்து அழுத்தம் சடாரென்று விழுந்தால் மெயின் பம்ப் தானாகக் கிளம்பும், கரண்ட் இல்லையென்றால் டீசல் பம்ப். மேனுவலில் கிடந்தால் மெயின் பம்ப் தானாகக் கிளம்பாது, நெருப்புப் பிடித்த நேரத்தில் ஒரு ஆள் ஓடிவந்து பட்டனை அழுத்த வேண்டும். மேனேஜரைக் கேட்டேன். "ஆட்டோல போட்டா அடிக்கடி ஓடுது சார், சத்தம் வருதுன்னு ஏ பிளாக்ல கம்ப்ளெயின்ட்" என்றார். அடிக்கடி ஓடுகிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். அதைத் தேடாமல் சுவிட்சைத் திருப்பிவிட்டார்கள்.

14 மாதத்தில் அவர்களை அனுப்பினோம். அனுப்புவது கொண்டுவருவதைவிடக் கஷ்டம். கேமராவின் பாஸ்வேர்டு அவர்களிடம், செயலியில் இருந்த பழைய கணக்கெல்லாம் அவர்கள் பெயரில், கேட்டால் அச்செடுத்த தாள்களாக ஒரு கட்டு கொடுத்தார்கள். எந்த வீட்டு பாக்கி எவ்வளவு என்று நாங்கள் மறுபடி உட்கார்ந்து எக்செல்லில் ஏற்ற மூன்று வாரம் ஆனது. இப்போதைய ஒப்பந்தத்தில் இதற்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்: 60 நாள் நோட்டீஸ், தகவல் எல்லாம் சங்கத்துக்குச் சொந்தம், மாதாமாதம் எக்செல்லில் ஒரு நகல், எல்லாப் பாஸ்வேர்டும் மூடிய உறையில் செயலாளரிடம். கல்யாணத்தன்றே விவாகரத்து பேசுவது போல இருக்கிறது என்று ஒரு பெரியவர் கிண்டல் செய்தார். செய்யட்டும்.

இரண்டாவது கம்பெனியைத் தேடும்போது ஸ்லைடு பார்க்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே பார்க்கும் இரண்டு குடியிருப்புகளுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய், அங்கே வந்த நாளிலிருந்து எழுதிய பதிவேடுகளைக் கேட்டோம். ஒன்றில் பேனா மை பல நிறத்தில் இருந்தது, எண்ணெய்க்கறை இருந்தது, "சரியில்லை, சொல்லியாச்சு, ஆள் வரலை" என்று கோபமாகக்கூட எழுதியிருந்தார்கள். அந்தக் கறைக்காகவே தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லலாம். "எங்களுக்கு வரப்போகும் மேனேஜர் யார், அவரை முதலில் காட்டுங்கள்" என்றும் பிடிவாதமாகக் கேட்டோம். விற்க வருபவர் வேறு, தினமும் நம்மோடு இருக்கப்போகிறவர் வேறு.

அப்படி வந்தவர்தான் எங்களுக்கு வாய்த்த நல்ல மேனேஜர். முதல் இரண்டு வாரம் ஆபீஸில் உட்காரவே இல்லை. ஒரு எலக்ட்ரீஷியனோடு ஒவ்வொரு வால்வாக மூடி, எந்த வரிசை வீடுகளில் நிற்கிறது என்று பார்த்து, தகட்டில் எண் அடித்துக் கம்பியால் கட்டினார். அப்புறம் பம்ப் அறைச் சுவரில் ஒரு வரைபடம். இப்போது வாட்ச்மேன்கூட வால்வை மூடிவிடுவார்.

அவர் செய்த இன்னொரு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் செலவு ஏறிக்கொண்டே போனது. வழக்கமாக எல்லாரும் செய்வது, "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்" என்று லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவது, வாட்ஸ்அப் குழுவில் கார் கழுவுகிறவர்களைத் திட்டுவது. இவர் நோட்டீஸ் ஒட்டவில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பிளாக்குக்கு ஒரு மீட்டர் இருக்கிறது, அதை இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் படித்து எழுதச் சொன்னார். அந்த நேரத்தில் ஊரே தூங்கும், யாராவது ஒருவர் பாத்ரூம் போகலாம், அவ்வளவுதான். அதையும் மீறி மீட்டர் ஓடினால் அது யாரும் பயன்படுத்தாத தண்ணீர். ஏ பிளாக்கில் 70 லிட்டர், சி பிளாக்கில் 90. பி பிளாக்கில் 900 லிட்டர்! இரண்டு மணி நேரத்தில் 900 என்றால் ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல். பிளம்பரோடு வீடு வீடாகப் போய் ஃபிளஷ் தொட்டியில் துளி கலர் பொடி போட்டு, கால் மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ணாமல் இருக்கச் சொல்லி, கோப்பையில் கலர் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். ஐந்து வீடுகளில் இறங்கியது. சத்தமே வராது, பார்த்தாலும் தெரியாது, வாஷர் தேய்ந்து போயிருக்கும். அதையெல்லாம் மாற்றியும் இன்னும் 400 லிட்டர் ஓடியது. கடைசியில் அவர் குழாய்கள் இறங்கும் டக்ட் ஒவ்வொன்றிலும் நுழைந்து குழாயில் காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்தது, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும், ஒன்றரை வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு. அங்கே ஃபிளஷ் தொட்டியின் மிதவை உடைந்து, யாரும் இல்லாத வீட்டில் இரவு பகலாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் கார் கழுவுகிறவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். முதல் கம்பெனிக்கு மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று சர்வீஸ் சார்ஜ். செலவு ஏறினால் அவர்கள் வருமானமும் ஏறும், அப்புறம் செலவைக் குறைக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? இப்போது நிலையான கட்டணம், ஆட்களுக்கு வருகைப்படி தனி பில். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கில்தான், கம்பெனி செலவைப் பதியலாம், ஒப்புதல் கமிட்டியில் இருவர் தர வேண்டும். எந்த வேலைக்கும் மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும் என்ற விதி ஒன்றையே நம்பி இருந்துவிட வேண்டாம். ஒருமுறை பெயின்ட் வேலைக்கு மூன்று கம்பெனியிலிருந்து மூன்று கொட்டேஷன் வந்தது, மூன்றிலும் எங்கள் குடியிருப்பின் பெயரில் ஒரே எழுத்துப் பிழை. இப்போது ஒன்றையாவது கமிட்டியே நேரடியாக வாங்குகிறது.

செக்யூரிட்டி பற்றி எங்கள் மேலேயே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கேட்டில் தூங்குகிற காவலாளியைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டு, எல்லாரும் சேர்ந்து கம்பெனியைத் திட்டினோம். அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கேட்டுக்கு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை பார்த்தால் மூன்றரை ஆள் வேண்டும். நாங்கள் காசு கொடுத்தது இரண்டு ஆளுக்கு. அதாவது ஒருவருக்கு 84 மணி நேரம், வார விடுமுறை கிடையாது, ஒருவர் வரவில்லையென்றால் மற்றவர் 24 மணி நேரமும் அங்கேயே. தூங்காமல் என்ன செய்வார்? விலை குறைவாகக் கேட்டது நாங்கள்தான். இப்போது எட்டு மணி நேர ஷிஃப்ட், மாற்று ஆளோடு சேர்த்துக் கொடுக்கிறோம், அதற்காகப் பராமரிப்புத் தொகை கூடியது, பொதுக்குழுவில் இரண்டு மணி நேரம் சண்டை நடந்தது. ஆட்களின் சம்பளச் சீட்டு நகலை பில்லோடு இணைத்தால்தான் பில் பாஸாகும் என்ற விதியையும் அப்போதுதான் சேர்த்தோம். நாங்கள் கொடுப்பது ஒன்று, அவர்கள் கைக்குப் போவது ஒன்று என்று இருந்தது ஒரு காலம்.

சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிச் சுருக்கமாக. கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கிறேன் என்று இரவில் காற்றடிக்கும் பிளோயரை யாராவது அணைத்தால் நாற்றம் வரும். அழுக்கைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், கிடைக்காவிட்டால் தண்ணீர் கறுத்துவிடும். ஒரு லிட்டர் அளவு ஜாடியில் காற்றேற்றும் தொட்டித் தண்ணீரை எடுத்து 30 நிமிஷம் ஆடாமல் வைத்துப் பாருங்கள், பழுப்பு நிறச் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்தால் சரி, படியாமல் கலங்கலாகவே நின்றால் ஏதோ கோளாறு. எங்கள் ஆபரேட்டர் தினமும் அந்த ஜாடியைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். காலையில் காபியோடு அதைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

இந்த இரண்டாவது கம்பெனியிடமும் குறை இருக்கிறது. சொன்னேனே, அந்த நல்ல மேனேஜரை இரண்டே வருஷத்தில் பெரிய குடியிருப்பு ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் வந்தவர்களில் ஒருவர் சுமார், ஒருவர் மோசம். செயலியில் போடும் புகாரை வேலை முடியாமலே "முடிந்தது" என்று மூடிவிடுவார், அதனால் இப்போது வீட்டுக்காரர் ஓடிபி சொன்னால்தான் புகார் மூடும்படி வைத்திருக்கிறோம். இன்னொன்று, கம்பெனி ஒப்பந்த வருஷத்துக்குள்தான் யோசிக்கும். லிஃப்ட் 20, 25 வருஷத்தில் மாற்ற வேண்டிவரும், மொட்டை மாடி நீர்க்கசிவுத் தடுப்பு, வெளிப்பூச்சு எல்லாம் சில வருஷத்துக்கு ஒருமுறை வரும், அதற்கு இப்போதிலிருந்தே பெரிய வேலைகளுக்கான சேமிப்பான கார்பஸ் நிதியில் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற கணக்கை எந்த மேனேஜரும் தானாகக் கொண்டுவந்ததில்லை. அது எங்கள் தலையில்தான். பார்க்கிங் தகராறும் அப்படித்தான், "கமிட்டி பார்த்துக்கோங்க சார்" என்று நைசாக நகர்ந்துவிடுவார்கள். அதுகூடச் சரிதான் என்று படுகிறது.

குடியிருப்பவர்களுக்கு இது ரொம்ப வசதி. எல்லாம் கம்பெனி பார்க்கும் என்று ஆனபிறகு பொதுக்குழுவுக்கு 20 பேர் வந்தால் அதிகம். கமிட்டியின் வேலையும் குறையவில்லை, மாறியிருக்கிறது. முன்பு வால்வைத் திருகினோம், இப்போது பதிவேட்டைத் திருப்புகிறோம். வாரம் ஒருமுறை, சொல்லாமல் போய், ஏதாவது ஒரு நோட்டை. பார்க்காமல் விட்ட மாதங்களில் எல்லாம் அந்த ஒரே பேனா மெல்லத் திரும்பிவருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். மூன்று வருஷத்துக்குப் போடச் சொல்கிறார்கள், நான் ஒரு வருஷம் என்றுதான் கை தூக்குவேன், மேனேஜரை மாற்றினால் 30 நாள் புதியவரோடு சேர்ந்து வேலை பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஐந்தாவது மேனேஜர் போன திங்கட்கிழமைதான் வந்தார். இரவு மீட்டர் நோட்டைக் காட்டியதும், "இது எதுக்கு சார், பழைய ஆள் ஆரம்பிச்சு வச்சதா?" என்றார். பூட்டிய வீட்டுக் கதையைச் சொன்னேன். நேற்று அவரே இரவு தங்கிப் படித்திருக்கிறார், காலையில் செய்தி வந்தது: பி பிளாக்கில் மறுபடி 310 லிட்டர். கலர் பொடி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.