பின் பிரேக்கும் நானும்: 61,000 கிலோமீட்டருக்குப் பிறகு

வண்டி வாங்கியது 2019 ஜூனில். 150 சிசி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மதுரையில் திருநகரிலிருந்து கோரிப்பாளையத்துக்குத் தினமும் வேலைக்கு, மாதம் இரண்டு முறையாவது உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊருக்கு. இன்று மீட்டரில் 61,000 சொச்சம். மைலேஜ், இன்ஜின் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வலது காலுக்கு அடியில் இருக்கும் அந்தப் பெடலைப் பற்றி மட்டும்.

பின் டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூ, முதல் ஜோடி 14,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துபோனது. பழங்காநத்தத்தில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன், கழற்றிய ஷூவை என் கையில் கொடுத்துவிட்டு முன் சக்கரத்தையும் குனிந்து பார்த்தார். "தம்பி, டிஸ்க் பேடு புதுசு கணக்கா இருக்கே. முன் பிரேக்கைத் தொடவே மாட்டீகளா?" என்றார். எனக்கு அது பாராட்டு மாதிரிதான் கேட்டது. வாடகை சைக்கிள் காலத்திலிருந்தே காதில் ஓதப்பட்ட பாடம் அது: முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புறத் தூக்கிப் போட்டுவிடும். அதனால் எதற்கெடுத்தாலும் கால்தான்.

அந்தப் பாடம் பொய் என்று தெரிந்தது செக்கானூரணி தாண்டி ஒரு சாயங்காலம். ஐம்பதில் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்க வேலிக்குள்ளிருந்து ஒரு ஆடு எட்டிப் பார்த்தது. அது நின்றுவிடும் என்று நினைத்தேன், அது நிற்கவும் செய்தது. அதற்குப் பின்னால் வந்த இருபது ஆடுகள் நிற்கவில்லை. பெடலை ஏறி மிதித்தேன். கிரீச் என்று பின் சக்கரம் சுற்றாமல் இழுபட்டது, வண்டியின் வால் மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கியது. பயத்தில் காலைப் பட்டென்று எடுத்தேன். அதுதான் இரண்டாவது தப்பு. கோணலாகக் கிடந்த சக்கரத்துக்குத் திடீரென்று பிடி கிடைத்ததும், வண்டி வெடுக்கென்று நிமிர்ந்து என்னை இடப்பக்கம் உதறிப் போட்டது. நல்லவேளை, அதற்குள் வேகம் இருபதுக்கு வந்திருந்தது. முழங்கையில் தோல் போனது, ஒரு இண்டிகேட்டர் போனது. மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் முதலில் ஆடுகளை எண்ணினார், அப்புறம்தான் என்னைத் தூக்கினார்.

என்ன நடந்தது என்பதைப் பஸ்ஸில் நின்று பயணம் செய்த யாரும் புரிந்துகொள்ளலாம். டிரைவர் பிரேக் அடித்ததும் எல்லோரும் முன்னால் சாய்கிறோம் இல்லையா, பைக்கிலும் பாரம் அப்படித்தான் முன் சக்கரத்துக்குப் போகிறது. முன் டயர் தரையில் அழுந்தி நன்றாகப் பிடிக்கிறது. பின் டயர் லேசாகிறது. லேசான டயரை எவ்வளவு மிதித்தாலும் அது நிறுத்தாது, வழுக்கத்தான் செய்யும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நம்பிக்கை வராததால் சோதித்தும் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, கப்பலூர்ப் பக்கம் ஆளில்லாத சர்வீஸ் ரோடு, கையில் செங்கல் துண்டோடு அக்கா மகன். அவன் கிழித்த கோட்டில் 40-ல் வந்து பிரேக் பிடிப்பது என்று ஏற்பாடு. கால் பிரேக் மட்டும், சக்கரம் இறுகாத அளவுக்கு மிதித்ததில், வண்டி நின்ற இடம், நடந்து அளந்தால், கோட்டிலிருந்து 24 எட்டு. இரண்டையும் சேர்த்துப் பிடித்ததில் 13 எட்டு. ஐந்தாறு தடவை செய்தும் கணக்கு பெரிதாக மாறவில்லை. "மாமா, அந்தப் பதினொரு எட்டுலதான் ஆடு நின்னுச்சு" என்றான். வாயடைத்துப் போனேன்.

சரி, அப்படியானால் பின் பிரேக் எதற்கு? ஆறு வருடத்தில் நான் கண்டது, வண்டியை அடக்கிப் பிடிப்பதற்கு. இப்போதெல்லாம் பிடிக்கிற வரிசை இதுதான்: ஆக்ஸிலேட்டரை விட்டதும் காலை லேசாக அழுத்துவேன், வண்டி கொஞ்சம் அமர்ந்து கொடுக்கும். உடனே முன் லீவரைப் பைய இறுக்கிக்கொண்டே போவேன். வெடுக்கென்று பிடிப்பதில்லை, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. முன் ஷாக் அப்சார்பர் அமுங்கத் தொடங்கும்போது காலைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் பின் சக்கரம் லேசாகிறது. மீறி இறுகிவிட்டால், வண்டி நேராக இருக்கும்போதே மிதியைக் குறைத்துவிட வேண்டும். வால் விலகும் வரை காத்திருந்தால் என் கதைதான்.

பின் பிரேக் ராஜாவாக இருக்கிற இடம் ஊர்ந்து போகும் இடம். கோரிப்பாளையம் நெரிசல் போதும் உதாரணத்துக்கு. இல்லையென்றால் சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை அன்று புதூர்ப் பக்கம் தெரியாமல் வண்டியோடு மாட்டிப் பாருங்கள். நடை வேகத்தில், ஹேண்டில்பாரைத் திருப்பிய நிலையில் முன் டிஸ்க்கைத் தொட்டால் வண்டி அந்தப் பக்கமே சரிந்துவிடும். அரை கிளட்ச், கொஞ்சம் ஆக்ஸிலேட்டர், கூடவே பின் பிரேக்கை உரசவிடுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் காலை ஊன்றாமலே ஆட்டோக்களுக்கு நடுவே திரும்பிவிடலாம். மேம்பாலத்து ஏற்றத்தில் டிராபிக் நின்றாலும் அப்படித்தான். இடது காலை ஊன்றி, வலது காலால் பெடலைப் பிடித்துக்கொண்டு, கிளட்ச் எடுக்க எடுக்கக் காலை விட வேண்டும். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளாது.

பின்னால் ஆள் உட்கார்ந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். மனைவியும் ஊரிலிருந்து 25 கிலோ அரிசி மூட்டையும் ஏறும் நாளில் பின் சக்கரத்தில் பாரம் இருப்பதால் பெடல் நன்றாகவே வேலை செய்கிறது. தைரியமாக மிதிக்கலாம். ஆனால் மறுநாள் தனியாகப் போகும்போதும் கால் அதே பழக்கத்தில் மிதிக்கும், அதுதான் ஆபத்து.

அறுவடைக் காலத்தில் ரோட்டில் கதிரையும் வைக்கோலையும் பரப்பி வைத்திருப்பார்கள். அதன்மேல் எந்தப் பிரேக்கும் வேண்டாம். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்தபடி நேராகக் கடப்பதுதான். மணல் கிடக்கும் ரோட்டில் இரண்டுமே பைய.

மலை இறக்கத்தில் நான் கற்றுக்கொண்டது சிறுமலையில். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளையும் காலை எடுக்காமல் இறங்கினேன். பாதியில் கருகல் வாடை. பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது, பிடி மட்டும் வரவில்லை. டிரம் சூட்டில் விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது, ஷூவும் சூடேறினால் உரசலை இழக்கிறது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் குரங்குகளோடு பேசிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறேன். வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக், உடனே விட்டுவிடுவது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். முன் மட்கார்டில் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு இரண்டு சக்கரத்துக்கும் அது காவல் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் வண்டியில் இருப்பது ஒற்றைச் சேனல், முன் சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. பின் சக்கரம் என் கால் பொறுப்பு. அதைவிடச் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் சிபிஎஸ். அக்கா மகனின் 100 சிசி வண்டியில் கால் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து கொஞ்சம் பிடிக்கிறது. என்னைப் போன்ற ஆட்களுக்காகவே கண்டுபிடித்திருப்பார்கள். (எங்கள் பெரியமாமாவுக்கு எந்த வண்டியும் சரிப்படாது. பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அவர் என் வண்டியை எடுத்தால் அவசரத்தில் கியரைத்தான் மிதிப்பார்.)

பராமரிப்பில் இரண்டு விஷயம்தான். முதலாவது, காலைப் பெடல் மேலேயே வைத்திருக்கும் பழக்கம். இதைக் கண்டுபிடித்ததும் அதே மெக்கானிக் அண்ணன்தான். வண்டி வந்து நின்றதும் தண்ணீர் பாட்டிலிலிருந்து நாலு சொட்டை டிரம் மேல் தெளித்தார். சுர்ரென்று ஆவியாகிப் போனது. "கால் அங்கனேயே குடியிருக்கு" என்றார். மைலேஜும் போகும், பிரேக் லைட் எந்நேரமும் எரிவதால் பின்னால் வருகிறவனுக்கு நாம் நிஜமாகவே பிரேக் பிடிப்பதும் தெரியாது. செருப்பு போட்டு ஓட்டுகிறவர்களுக்கு அழுத்தம் நன்றாகத் தெரியும், ஆனால் மழையில் வழுக்கும். மழை என்றதும் நினைவு வருகிறது, மணிநகரம் கர்டர் பாலத்தடியில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால் கொஞ்ச தூரம் பெடலை லேசாக உரசவிட்டு டிரம்மைக் காய வையுங்கள்.

பழக்கம் மாறியது ஷூவிலேயே தெரிந்தது. இரண்டாவது ஜோடி 47,000 வரை வந்தது. முன் டிஸ்க் பேடுதான் நடுவில் 31,000-ல் ஒரு முறை மாறியது. முன்பு அது புதிதுபோல் இருந்ததில் இருந்த பெருமை இப்போது இல்லை.

இரண்டாவது, செயின். செயினை இறுக்கும்போது பின் சக்கரம் கொஞ்சம் பின்னால் நகர்கிறது, கூடவே பிரேக் ராடும் இழுபட்டு இறுகிவிடும். பெடலில் இருக்க வேண்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் காணாமல் போகும். போன வருடம் ஒரு சர்வீஸ் சென்டரில் செயினை இறுக்கியவர்கள் பிரேக் நட்டைத் தளர்த்த மறந்துவிட்டார்கள். திருநகர் வந்து சேர்வதற்குள் டிரம்மில் கை வைக்க முடியவில்லை. கேட்டதற்கு, "புது ஷூன்னா அப்படித்தான் இருக்கும் சார்" என்றார்கள். அன்று ஷூவையே மாற்றவில்லை. இப்போது வண்டியை எடுக்கும்போது சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன். அது உரசாமல் ஓடினால்தான் பர்ஸை எடுப்பேன்.