பெரம்பூரில் வாங்கிய ஜூடோ உடை: பயிற்சிக்குப் போதும், பன்னாட்டுப் போட்டிக்குப் போதாது

பெரம்பூரில் உள்ள விளையாட்டுப் பொருள் கடையொன்றில் என் மகளுக்காக வாங்கிய வெள்ளை ஜூடோ உடை, மாதக்கணக்கான இழுபறிப் பயிற்சிக்குப் பின்னும் தோள்பட்டைத் தையலோ கழுத்துப்பட்டையோ பிரியாமல் இருப்பதால், அதன் உறுதியில் குறைசொல்ல இடமில்லை. ஆனால் அதனைப் ‘பன்னாட்டுத் தரம்’ என்று சொல்லி விற்பதை ஏற்க இயலாது.

ஆண்களும் பெண்களும் தலா 7 எடைப்பிரிவுகளில் மோதும் உலகச் சாம்பியன்ஷிப்பில், பன்னாட்டு ஜூடோ கூட்டமைப்பின் சிவப்பு முத்திரை பெற்ற உடைக்கே அனுமதி உண்டு. ஒருவர் வெள்ளையும் மற்றவர் நீலமும் அணிந்து களமிறங்குவதால் இரு நிறங்களும் கைவசம் இருக்க வேண்டும். மேலும், குட்டையான சட்டைக்கை எதிராளிக்குப் பிடிகொடுக்காது என்பதால், கையை முன்னே நீட்டும்போதும் அது மணிக்கட்டை மூடியிருக்க வேண்டும். இந்த உடையோ முதல் சலவையிலேயே சுருங்கி, மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது. (கெட்டிப் பருத்தி சுருங்கும் என்பதை விற்பவரே முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.) நீல உடை கடையில் இல்லை, விலை நியாயமே.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் புதிதாகப் பயிற்சியில் சேரும் பிள்ளைகளுக்கு, ஓர் அளவு பெரிதாகப் பார்த்து இதனைத் தயங்காமல் வாங்கலாம். பன்னாட்டுக் களத்தை எண்ணுவோர் முத்திரையைச் சரிபார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.