சைவ வீட்டு மேல்மாடியில் இரண்டு பூனைகள்: நீண்ட காலப் பாவனை அனுபவம்

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயிலுக்கு நடை தூரத்தில், கீழே வீட்டுக்காரர் குடும்பமும் மேலே நானும் செல்லன் என்ற கடுவன், கறுப்பி என்ற பெட்டை ஆகிய இரண்டு பூனைகளுமாக 2022 தொடக்கத்திலிருந்து இருக்கிறோம். ஓர் அறை, சின்னக் குசினி, தென்மேற்கைப் பார்த்த ஒரு பல்கனி. வாடகை கொடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் பூனைச் செலவு. பூனைக்கென்று கடையில் விற்கும் பொருள்களில் பாதியை வாங்கிப் பார்த்திருக்கிறேன். மீதிக்குப் பதிலாகச் சந்தையிலும் மர ஆலையிலும் கிடைத்ததை வைத்துச் சமாளித்திருக்கிறேன். வாங்கிய புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மாரி மழையும் சோளகக் காற்றும் மாறி மாறி வந்துபோன பிறகு எது நின்றது, எது குப்பைக்குப் போனது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

வாடகை வீட்டில் பூனையின் பெரிய செலவு தீன் அல்ல, மணம். தீன் விலை ஏறினால் வேறு வழி பார்க்கலாம். மணம் கீழே இறங்கினால் வீடு மாற வேண்டியதுதான்: புது முற்பணம், தரகர் கூலி, சாமான் ஏற்ற லொறி என்று ஒரு வருடப் பூனைச் செலவு ஒரே கிழமையில் போய்விடும். வீட்டுக்கார அன்ரி முதல் நாளே சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "பிள்ளை, பூனை இருக்கட்டும். மணம் மட்டும் படியிறங்கி வரக் கூடாது." ஆகவே என் காசு முதலில் போனது பூனைக் கழிப்பிடத்துக்கு.

கடையில் விற்கும் கட்டிபிடிக்கும் மணல், அதாவது பென்டனைட் களிமண், வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. சிறுநீர் பட்ட இடம் உருண்டு கட்டியாகிவிடும். அதை மட்டும் அள்ளினால் மிச்சம் சுத்தம். மணத்தை அடக்குவதில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் ஒரு பையின் விலைக்கு மூன்று நாலு கிலோ சூடை மீன் வாங்கலாம். அதோடு, மாரி தொடங்கினால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொண்டு தட்டின் அடியில் இறுகிப்போகும். கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இதை மலசலகூடத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீரில் ஊதும் களிமண் அது. குழாய் அடைத்தால் திருத்துக்கூலி யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

உமியை முயன்றேன். அரிசி ஆலையில் ஏறக்குறைய இலவசம். ஆனால் உமி எதையும் உறிஞ்சாது. சிறுநீர் நேரே அடிக்கு இறங்கித் தேங்கும். சோளகம் வீசும் மாதங்களில் பல்கனியில் வைத்தால் உமி வீடு முழுக்கப் பறக்கும். வேண்டாம்.

மரத்தூள் பரவாயில்லை. ஆலைக்கு ஓர் உரப்பையோடு போனால் நிரப்பித் தருவார்கள். ஆனால் என்ன மரம் அரிந்த தூள் என்று கேட்டே வாங்க வேண்டும். முதிரைத் தூள் நம் தோலையே கடிக்கும். பூனையின் உள்ளங்காலும் மூக்கும் என்ன பாடுபடும்! கறையானுக்கு மருந்தடித்த பழைய மரத்தின் தூளும் ஆகாது. நான் வேப்ப மரத்தூள் கிடைக்கும்வரை காத்திருப்பேன். கொண்டுவந்ததும் அரிதட்டில் ஒரு முறை அரித்து, பொடியை வெளியே கொட்டிவிடுவேன். அந்தப் பொடிதான் பூனைக்குத் தும்மலைக் கொடுப்பது.

கடைசியில் நிலைத்தது தும்புச்சோறு, அதாவது தேங்காய் மட்டையில் தும்பு எடுத்த பிறகு மிஞ்சும் தூள். பூங்கன்றுக்காரர்களிடம் கட்டியாகவோ பையிலோ கிடைக்கும். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும். குறை ஒன்றுதான்: வெள்ளை மாபிள் தரையில் கபில நிறப் பாதச்சுவடுகள், காலையில் எழுந்தால் யார் எங்கே போனார்கள் என்று துப்பறியலாம். இப்போது அடியில் பழைய பத்திரிகை, நடுவில் தும்புச்சோறு, மேலே வேப்பந்தூள் என்று மூன்று படையாகப் போடுகிறேன். பூனைக்கென்று விற்கும் தட்டை விட, துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பேசின் மேல். கடைத்தட்டு என் கடுவனுக்குக் காணாது. உள்ளே நின்று வெளியே பெய்யும்.

அள்ளுவதைத் தினமும் செய்ய வேண்டும், மணத்துக்காக மட்டுமல்ல. பூனை மலத்தில் வரக்கூடிய டொக்சோபிளாஸ்மா கிருமி வெளியே வந்தவுடன் தொற்றாது. ஒரு நாளாவது கடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். கீழ்வீட்டு மருமகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது இந்தக் கேள்வி எழுந்தது. பூனையைத் தடவுவதல்ல, பூனை மலத்தைக் கையாளுவதே ஆபத்து என்பதை வைத்தியரும் சொன்ன பிறகுதான் கீழ்வீடு அமைதியானது. அதே காரணத்தால், பாவித்த தூளைக் கீரைப் பாத்திக்கு எருவாகப் போடலாமா என்று அன்ரி கேட்டதற்கும் மாட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. வளவின் கோடியில், கிணற்றிலிருந்து தள்ளி, குழி வெட்டி மூடுகிறேன்.

தவறிப்போய்த் தரையில் பெய்துவிட்டால் கழுவுவது பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே எல்லா வீட்டிலும் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் இருக்கும்; கை உடனே அதற்குத்தான் போகும். சிறுநீரிலுள்ள அமோனியாவோடு அது சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். பினைலும் ஆகாது, பூனை காலை நக்கும்போது உள்ளே போய் நஞ்சாகும். சவர்க்காரத் தூள், பிறகு தண்ணீர் கலந்த வினாகிரி, பிறகு வெயில். இதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

இவ்வளவு கழிப்பிடத் தத்துவமும் கடுவனுக்குக் கருத்தடை செய்யாவிட்டால் வீண். வளர்ந்த கடுவன் சுவரில் பீச்சும் மணத்துக்கு உலகத்தில் எந்தத் தூளும் மருந்தல்ல. பழக்கம் பிடிக்குமுன், ஆறாம் மாதத்தை ஒட்டிச் செய்வித்தேன். பெட்டை நாலு ஐந்து மாதத்திலேயே சூட்டுக்கு வரலாம். ஒன்பது கிழமையில் குட்டி. இரண்டு பூனை ஏழு பூனையானால் எந்த வீட்டுக்காரரும் பொறுக்கமாட்டார். அறுவைச் சிகிச்சைக்குக் கொடுத்த காசு அன்று பெரிதாகத் தெரிந்தது. இன்றுவரை நான் பூனைக்குச் செலவழித்ததில் அதுவே மலிவு. விசர்நோய் ஊசியும் அப்படித்தான், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனையானாலும் ஆண்டுதோறும் தவறாமல்.

இனித் தீன். இங்கேதான் சைவ வீட்டின் மேல்மாடி என்பது விளையாட்டுக் காட்டும். நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் இந்த வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) காய்ச்ச முடியாது. கந்தசஷ்டி, கௌரிக்காப்பு, திருவெம்பாவை, வெள்ளிக்கிழமைகள் எல்லாம் சேர்த்தால் வருடத்தில் கணிசமான பங்கு போய்விடும். பூனைக்கு விரதம் பிடிக்கத் தெரியாது; தெரிந்தாலும் அதன் உடம்பு விடாது. டோரின் என்ற சத்தைப் பூனையால் தனக்குப் போதியளவு உடம்பில் உண்டாக்க முடியாது, அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். பருப்பும் சோறும் தயிரும் போட்டு வளர்க்கிறேன் என்று பெருமைப்படுகிறவர்களின் பூனை வெளியே எலி பிடித்துத்தான் பிழைக்கிறது.

ஆகவே குளிரூட்டிக் கதவில் ஒரு பஞ்சாங்கக் கலண்டர் ஒட்டி, மச்ச நாள், சைவ நாள் என்று பிரித்துவைத்திருக்கிறேன். மச்ச நாளில் மீன், சைவ நாளில் கடை உலர்தீன். உலர்தீனைக் கோப்பையில் போட்டால் கீழே மணக்காது. அன்ரிக்கும் அது மீனாகத் தெரிவதில்லை. பக்கெற்றில் மீன் படம் போட்டிருப்பதை நானும் அவரும் பேசுவதில்லை.

மீனில் எனக்குக் கட்டுப்படியானது சூடை. பாசையூரிலோ சின்னக்கடையிலோ வெயில் ஏறிய பிறகு போனால் விலை இறங்கியிருக்கும். உப்பு, மஞ்சள் எதுவுமில்லாமல் கொஞ்சத் தண்ணீரில் அவித்து, நடுமுள்ளை உருவி எடுத்துவிட்டு, அவித்த தண்ணீரைக் கொட்டாமல் ஒரு பிடி சோற்றோடு பிசைந்து வைக்கிறேன். டோரின் அந்தத் தண்ணீருக்குள்தான் இறங்கியிருக்கும். கறிச்சட்டியில் மிஞ்சியதைப் போடுவதில்லை. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பச்சை மீனும் போடுவதில்லை. சில மீன்களில் உள்ள ஒரு நொதியம் விற்றமின் பி1-ஐச் சிதைத்துவிடும். அவித்தால் அது செயலிழந்துவிடும். மீனே மலிவு என்று எல்லா வேளையும் சூடையாகப் போடவும் கூடாது. எண்ணெய் மீன் மட்டும் தின்னும் பூனைக்கு விற்றமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பே அழலும். எனவே காலை உலர்தீன், பின்னேரம் மீன் என்பதே மச்ச நாளின் ஒழுங்கு. ஈரத்தீன் பைகளை மாத்திரை ஒளித்துக் கொடுப்பதற்கு மட்டும் வாங்குகிறேன். நாளாந்தத் தீனாக அது பெரிய இடத்துப் பூனைகளுக்கு.

குடிவந்த புதிதில், 2022 மார்ச் கடைசியில், மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை போனது. அப்போது மீனைச் சேமித்துவைக்கும் பேச்சே இல்லை. அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றே வாங்கினேன், பெற்றோல் இல்லாததால் சைக்கிளில். இப்போது கிழமைக்கு ஒருமுறை வாங்கி, ஐஸ்கிரீம் டப்பாக்களில் பங்கு பிரித்து உறையவைக்க முடிகிறது.

உலர்தீன் பெரிய பையாக வாங்கினால் மலிவு என்பது கொழும்புக் கணக்கு. இங்கத்தைய மாரிக் காற்றில் திறந்த பை நமுத்துப்போகும். பிறகு கறுப்பி முகர்ந்துவிட்டுப் போய்விடும். நடுத்தரப் பை வாங்கிப் பழைய பால்மாப் பேணிகளில் இறுக்கி மூடிவைப்பதே மொத்தத்தில் மலிவு. எறும்புக்குக் கோப்பையைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்தால் போதும்.

குடிதண்ணீருக்கென்று மின்சாரத்தில் ஓடும் ஊற்று ஒன்று வாங்கினேன். ஓடும் தண்ணீரைப் பூனை விரும்பிக் குடிக்கும் என்பது உண்மைதான். செல்லன் முதல் நாள் முழுவதும் அதன் முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணக்கல்லுக்குள் வெட்டியது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ஊற்றின் சின்ன மோட்டரிலும் படிந்து, சக்கரத்தை இறுக்கிவிட்டது. வினாகிரியில் ஊறப்போட்டு இரண்டு தரம் உயிர்ப்பித்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஊற்று செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் நம் கிணற்றைக் கண்டிருக்கமாட்டார்கள். இப்போது அகன்ற மண்சட்டிகள் இரண்டு, தீன் கோப்பையிலிருந்து தள்ளி. தண்ணீர் குளிர்ந்தும் இருக்கிறது, குடிக்கவும் குடிக்கின்றன.

பல்கனிக்கு வலை அவசியம். பூனை விழாது, விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்பதெல்லாம் காகத்தைத் துரத்தாத பூனைக்கு. கடையில் விற்கும் பூனைவலை அடைக்க வேண்டிய அளவுக்கு எனக்குக் கட்டாது. குருநகரில் கடலுக்கு உதவாதென்று ஒதுக்கிய நூல்வலையைக் கேட்டு வாங்கினேன். தங்கூசி (ஒற்றை இழை நைலோன்) வலை வேண்டாம். மெல்லியது, நகம் மாட்டினால் காலை அறுக்கும். முறுக்கிய நைலோன் நூலில் முடிச்சுப் போட்ட, சிறு கண் வலையாக இருக்க வேண்டும். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. பிவிசி குழாயில் சட்டம் கட்டிக் கிராதியோடு இறுக்கியிருக்கிறேன். வீடு விடும்போது அவிழ்த்துக்கொண்டு போகலாம். வெயில் நைலோனைத் தின்னும், ஆகையால் சோளகம் முடிந்ததும் ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்ப்பது வழக்கம். காகம் ஒன்று கூட்டுக்கு நூல் வேண்டுமென்று வெளிப்பக்கம் தொங்கி ஒரு முடிச்சைப் பிரித்துக்கொண்டிருக்க, உள்பக்கம் இரண்டு பூனைகளும் தாடை நடுங்கக் கிறீச்சிட்டதை ஒரு பின்னேரம் முழுவதும் பார்த்தேன். பூனைக்கென்று வாங்கிய விளையாட்டுச் சாமான் ஒன்றும் இவ்வளவு நேரம் அவற்றைப் பிடித்து வைத்ததில்லை.

பிறாண்டுவதற்குத் தும்புக்கயிறு சுற்றிய ஒரு மரக்குற்றி. அன்ரியின் தேக்குக் கதவுநிலை பிழைத்தது.

மருந்து அலுமாரியில் இரண்டு விடயங்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். காய்ச்சல் என்று பரசிற்றமோல் கொடுக்க வேண்டாம். ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் மிச்சம் இருக்கிறதென்று பூனையின் பிடரியில் விடவும் வேண்டாம்; பெர்மெத்ரின் கலந்ததாக இருந்தால் வலிப்பு வரும்.

தீராமல் இருப்பது ஊருக்குப் போகும் நாள்கள். தீன் வைக்க அன்ரி சம்மதிக்கிறார், ஆனால் உலர்தீன் மட்டும்; மீன் டப்பாவைத் திறக்கமாட்டார். மீன் ருசியில் இருக்கும் கறுப்பி திடீரென்று உலர்தீனுக்கு மாறினால் பட்டினி கிடக்கும். பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தால் ஈரலில் கொழுப்புப் படியத் தொடங்கிவிடும், கொழுத்த பூனையானால் இன்னும் மோசம். அதனால் பயணத்துக்கு ஒரு கிழமை முன்பிருந்தே மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறேன். கொழும்புக்கு அவசரப் பயணம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை; தெரிந்த யாராவது பக்கத்து ஒழுங்கையில் மச்சம் தொடும் வீடாக இருந்தால் சொல்லுங்கள்.