டைனகோ எஸ்டி-70: ட்யூபைக் கடைசியில் மாற்றுங்கள்

டைனகோ எஸ்டி-70 என்ற பழைய ட்யூப் (வெற்றிட வால்வு) ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது, அதில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ட்யூபான இஎல்34-ல் நல்ல ஒன்றை. எந்த கம்பெனி, பழைய ஸ்டாக்கா புதுசா என்று விசாரித்து விசாரித்தே பாதி பட்ஜெட் கரைந்துவிடும். என் வரிசை நேர் எதிர். பவர் சப்ளை, பயாஸ் (ட்யூப் இழுக்கும் கரண்டைக் கட்டுப்படுத்தும் நெகடிவ் வோல்டேஜ்), கப்ளிங் கெப்பாசிட்டர் (டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் கடத்துவது), டிரைவர் போர்டு (பவர் ட்யூபுக்கு சிக்னலைத் தயார் செய்வது), எல்லாம் முடிந்த பிறகு ட்யூப். என்னுடைய ஆம்பை அந்த வரிசையில்தான் மாற்றினேன். ஒன்றை மாற்றி, நன்றாகக் கேட்டு, காது பழகிய பிறகே அடுத்ததைத் தொட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது சத்தத்தை மாற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது.

1959-ல் டேவிட் ஹாஃப்லரின் டைனகோ வெளியிட்ட மாடல் இது. வாங்கியவரே வீட்டில் உட்கார்ந்து சால்டர் செய்துகொள்ளும் கிட்டாகவும் விற்றார்கள். சேனலுக்கு இரண்டு இஎல்34, 35 வாட். இத்தனை வருஷம் கழித்தும் இதில் உழைக்க ஆள் இருப்பதற்குக் காரணம் ட்யூபையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மர்கள். ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கெரோஸும் 1951-ல் எழுதி வெளியிட்ட அல்ட்ராலீனியர் முறையில், அதாவது சிதைவைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் சுற்றின் இடையிலிருந்து ட்யூபுக்கு ஒரு இணைப்பு எடுக்கும் முறையில், சுற்றப்பட்டவை. கெப்பாசிட்டர் வயதாகிக் காயும், ரெசிஸ்டர் மதிப்பு நகரும், ட்யூப் தேயும். நல்ல டிரான்ஸ்பார்மர் அப்படியே இருக்கும். அதனால்தான் இந்தப் பெட்டியை மேம்படுத்துவது வீண் செலவாகாது.

ஒரு எச்சரிக்கை. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே விரல் உள்ளே போக வேண்டும். வேலை முடிந்து முதல் தடவை ஆன் செய்யும்போது மெயின்ஸில் வரிசையாக ஒரு குண்டு பல்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட்.

இப்போது ஃபில்டர் கெப்பாசிட்டர். ஒரே டப்பாவுக்குள் நாலு பிரிவு: 30, 20, 20, 20 மைக்ரோ ஃபாரட். இது காய்ந்துபோனால் ஸ்பீக்கரில் மெயின்ஸைப் போல இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் ஹம் வரும், பாஸ் தொளதொளவென்று இருக்கும். அதே துளையில் உட்காரும் புது டப்பா 80, 40, 30, 20 என்ற அளவில் கிடைக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ட்யூப் ஜிஇசட்34-க்கு அடுத்து வரும் முதல் கெப்பாசிட்டர் 60 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக் கூடாது. பெரிய எண்ணாக இருக்கிறதே என்று 80-ஐ முதலில் போட்டால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ரெக்டிஃபையர் அடி வாங்கும். 80-க்கு இடம், டிசியில் மிச்சமிருக்கும் அலையை அடக்கும் கம்பிச் சுருளான சோக்குக்குப் பிறகுதான். கூடவே ஜிஇசட்34-ன் 4, 6 பின்களுக்கு வரிசையாக ஒவ்வொரு 1என்4007 டயோடு போட்டேன். ரெக்டிஃபையர் உள்ளே பொறி தட்டினாலும் பவர் டிரான்ஸ்பார்மர் தப்பிக்கும். செலவு மிகக் குறைவு, பாதுகாப்பு பெரிது.

டப்பாவை மாற்றிய அன்றே வித்தியாசம் கேட்டது. ஹம் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால்தான் தெரிகிறது. டபுள் பாஸ் கம்பியை மீட்டும்போது ஆரம்பமும் முடிவும் தனித்தனியாக விழுகின்றன. மொத்த வேலையிலும் காதுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்து பயாஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ட்யூபின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. அசல் வடிவத்தில் ஒரு சேனலின் இரண்டு இஎல்34-க்கும் சேர்த்து ஒரே 15.6 ஓம் கேதோடு ரெசிஸ்டர் (ட்யூபின் கரண்ட் முழுவதும் இதன் வழியே ஓடும்), ஒரே பாட் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்). முன்பக்க எட்டுத் துளை ஆக்டல் சாக்கெட்டில் மீட்டரை வைத்து 1.56 வோல்ட் வரும்வரை பாட்டைத் திருப்பச் சொல்கிறது மேனுவல். அதாவது ஜோடிக்கு 100 மில்லி ஆம்பியர். ஆனால் ஒரு ட்யூப் 60, மற்றது 40 என்று இழுத்தாலும் மீட்டர் அதே 1.56-ஐத்தான் காட்டும். ஒன்று வெந்துகொண்டிருப்பது வெளியே தெரியாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரிலும் டிசி சமன் கெட்டு, பாஸ்தான் முதலில் அடிபடும்.

ஒவ்வொரு ட்யூபுக்கும் தனித்தனியாக 10 ஓம், 1 சதவீத ரெசிஸ்டரும் தனி பாட்டும் கொண்ட பயாஸ் போர்டு போட்டேன். 0.40 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர், கணக்கு போடவே வேண்டாம். மேனுவல் சொல்லும் 50-ல் ஓட்டினால் ட்யூபுக்குள் இருக்கும் உலோகத் தகடான ப்ளேட்டில் 20 வாட்டுக்கு மேல் சூடாகிறது. இஎல்34-ன் எல்லையே 25 வாட். 40-ல் அது சுமார் 17 வாட்டுக்கு இறங்குகிறது. சத்தத்தில் எனக்கு எந்த இழப்பும் தெரியவில்லை.

பயாஸ் சப்ளையில் ஒரு பழைய செலினியம் ரெக்டிஃபையர் இருக்கும். வயதாக ஆக அதன் தடை ஏறி, நெகடிவ் வோல்டேஜ் குறைந்து, ட்யூப் அளவுக்கு மீறி இழுக்கும். யோசிக்காமல் கழற்றி சிலிக்கான் டயோடு போடுங்கள், பக்கத்தில் உள்ள இரண்டு எலக்ட்ரோலிட்டிக்கையும் சேர்த்து மாற்றுங்கள். வோல்டேஜ் முன்பைவிட ஏறும் என்பதால் பயாஸை மறுபடி செட் செய்வது கட்டாயம்.

கப்ளிங் கெப்பாசிட்டர்கள் 0.1 மைக்ரோ ஃபாரட். சாதாரண பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் போட்டேன், போதும். இதில் ருசியைவிடக் கசிவுதான் முக்கியம். ஆம்ப் சூடான பிறகு ஒரே ஜோடியின் இரண்டு இஎல்34-லும் பயாஸ் வரும் 5-ஆம் பின்னில் நெகடிவ் வோல்டேஜைப் பாருங்கள். ஒரே பாட் வழியாக வரும்போது இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்தை நோக்கி நகர்ந்திருந்தால் அந்தப் பக்கக் கெப்பாசிட்டர் கசிகிறது, விட்டுவைத்தால் ப்ளேட் சிவக்கும். தனி பயாஸ் போர்டு போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

டிரைவர் போர்டில்தான் கருத்து வேறுபாடு வரும். அசல் ட்யூப் 7199 உற்பத்தியில் இல்லை. மூன்று 12ஏயு7 போடும் போர்டைப் பலர் புகழ்கிறார்கள், அது நல்ல போர்டுதான். ஆனால் அது சர்க்யூட்டையே மாற்றிவிடுகிறது. 7199-ல் ஒரு பென்டோடும் ஒரு டிரையோடும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கின்றன. பென்டோடு பெருக்குகிறது, டிரையோடு சிக்னலை நேரும் எதிருமாகப் பிரிக்கிறது. இந்த அமைப்பின் எளிமை எனக்குப் பிடிக்கும். அதனால் அதே சர்க்யூட்டை வைத்துக்கொண்டு, டிவி செட்டுகளுக்காகச் செய்த 6ஜிஎச்8ஏ-க்கு ஏற்றபடி பின் மாற்றிய போர்டை எடுத்தேன். இதுவும் பென்டோடு-டிரையோடுதான். பழைய போர்டு சூட்டில் கருத்துப்போய் ரெசிஸ்டர்கள் நகர்ந்திருந்ததால் புதிதில் பெண் குரல்கள் தெளிந்தன. வயலினின் மேல் ஸ்தாயியில் இருந்த கரகரப்பு போனது.

கடைசியில் ட்யூப். இப்போது உற்பத்தியில் உள்ள இஎல்34-ல் ஒரே அளவு கரண்ட் இழுக்கும்படி பொருத்தம் பார்த்த நாலை வாங்கினேன். பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் கேட்டது, ஆனால் கெப்பாசிட்டர் டப்பா தந்த மாற்றத்தில் சிறு பங்குதான். அரிய பழைய ஸ்டாக்குக்குப் பணம் கொட்டுவதை இந்த ஆம்புக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வாங்கி மேம்படுத்தலாமா என்று கேட்டால், உங்கள் ஸ்பீக்கரைப் பார்த்துத்தான் பதில். 90 டெசிபெல்லோ அதற்கு மேலோ சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு) இருந்தால் தயங்காமல் இறங்கலாம், 35 வாட் தாராளம். 84, 85 டெசிபெல் ஸ்பீக்கரை வைத்துப் பெரிய அறையில் ஆர்க்கெஸ்ட்ராவை உரக்கக் கேட்பவர் என்றால், எத்தனை பாகம் மாற்றினாலும் இது போதாது. அவர் இந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடலாம்.